அபூர்வம் என்று அதற்குத் தெரியவில்லை

1

இந்தக் கதை என்னுடைய அசட்டுக் கேள்வி ஒன்றிலிருந்து பிறந்தது. அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் உதவுகிறேன் பேர்வழி என்று ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அவர் அலுவலகத்தில் ஏதோ பெரிய களேபரம் நடந்ததாக அண்ணன் சொல்லியிருந்தான். ஆனால் அவன் சொன்னால் தலையும் இருக்காது, வாலும் இருக்காது.

"அண்ணி, பேக்கப்பைத் திரும்ப ஏத்தினா கம்ப்யூட்டர் மெதுவா ஆயிடுமா?"

"ஆகும். ஆகாது."

"ரெண்டுல எது?"

"மொதல்ல ஆகும். அப்புறம் சரியாயிடும். அதுக்கப்புறம் முன்ன இருந்ததவிட வேகமாவே ஓடும். உக்காரு, சொல்றேன். அந்தத் துண்டை விடு, பாவம்."

உட்கார்ந்தேன். துணிக்கூடை காலியாகி வெகுநேரம் ஆன பின்பும் எழுந்திருக்கவில்லை.

நான் கதை எழுதுகிறவள். அண்ணி ஒரு ரத்த மையத்தில் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறவர். யார் ரத்தம் கொடுத்தார், அது என்ன வகை, கடைசியாக எப்போது கொடுத்தார், மறுபடி எப்போது கொடுக்கலாம், எந்த எண்ணில் கூப்பிட்டால் எடுப்பார் என்று எல்லாம் இருக்கும் இடம் அது. பல லட்சம் மனிதர்கள் அதற்குள் இருக்கிறார்கள்.

எழுதட்டுமா என்று கேட்டேன். நாத்தனார் எழுதும் கதையில் அண்ணி எப்படி இருப்பாள் என்று ஊருக்கே தெரியும் என்றார். பிறகு, எழுதி முடித்ததும் தன்னிடம் காட்ட வேண்டும், ஓரத்தில் குறிப்பு எழுத இடம் விட வேண்டும் என்றார். விட்டேன். எழுதியிருக்கிறார். அவற்றைச் சதுர அடைப்புக்குள் அப்படியே தருகிறேன்.

2

முதல் தொடக்கம்: "தரவுத்தளம் என்பது ஒரு கடல். அதன் அடியில் எத்தனையோ முத்துக்கள்—"

[கடல் எல்லாம் இல்லை. வரிசை வரிசையாக அடுக்கிய அலமாரி.]

இரண்டாம் தொடக்கம்: "அன்றைய காலையில் சாவின் வாசனை—"

இதை நானே அடித்துவிட்டேன். அன்று யாரும் சாகவில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன், பயந்துகொண்டே படிக்க வேண்டாம். இதைச் சொன்னால் சஸ்பென்ஸ் போய்விடுமே என்று என் எழுத்தாள நண்பர் ஒருவர் தலையில் அடித்துக்கொள்வார். போகட்டும். இந்தக் கதையை நான் கேட்டது, முடிவு தெரிந்த ஒருவர் நிம்மதியாகத் துணி மடித்துக்கொண்டே சொன்னபோது. அந்த நிம்மதியை உங்களிடமிருந்து ஏன் ஒளிக்க வேண்டும்?

மூன்றாம் தொடக்கத்தில் கடலும் இல்லை, சாவும் இல்லை. அது இதுதான்:

ஒரு காலை, அண்ணி மையத்துக்குள் நுழைந்தபோது சர்வர் அறையிலிருந்து மிக்சிக்குள் கரண்டி விழுந்ததுபோல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

3

ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. ஒன்று போனால் தாங்கிக்கொள்ள இன்னொன்று பக்கத்திலேயே உண்டு. ஜோடி சேர்ந்து அதுவும் கிளம்பிவிட்டது.

அந்த அறை முன்பு பழைய நாற்காலிகளைப் போட்டுவைத்த அறை. தரவுத்தளத்தைச் சுமக்கும் கணினி, அதாவது சர்வர், சூடாகாமலிருக்க எந்நேரமும் ஏசி ஓடும். அண்ணி வெயில் காலத்திலும் அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். அன்று ஸ்வெட்டரை எடுக்கவே தோன்றவில்லை என்றார். அந்தக் குளிரிலும் முதுகு வியர்த்ததாம்.

ஆனால் கலங்கவில்லை. முந்தைய நாள் முடிவில் எடுத்த பேக்கப், அதாவது தரவுத்தளத்தின் நகல், பத்திரமாக வேறொரு கட்டடத்தில் இருந்தது. மாற்றுக்கென்று வாங்கிவைத்த புதிய சர்வர் தயாராக இருந்தது. மாதம் தவறாமல் ஒரு சனிக்கிழமை, அந்தப் பேக்கப்பை ஒத்திகை இயந்திரத்தில் ஏற்றிப் பார்ப்பது அண்ணியின் வழக்கம். ஏற்றிவிட்டு வீட்டுக்கு வருவார்; திங்கட்கிழமை போய்த் திறந்து பார்ப்பார். ஒருமுறைகூடச் சொதப்பியதில்லை. அதனால் மேலாளரிடம், "சார், மத்தியானத்துக்குள்ள எல்லாம் வந்துடும்" என்று வாக்குக் கொடுத்தார்.

வந்துவிட்டது. பெயர்கள் வந்தன, வகைகள் வந்தன, தேதிகள் வந்தன. எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு ஆள் குறையவில்லை. வெளியே கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். கொடையாளர்களுக்குப் போன் செய்து கூப்பிடும் பெண் விசிலே அடித்துவிட்டாள். அவளைக் குயில் என்பார்கள். வேண்டாம் என்று போனை வைக்கப் போகிறவரையும் அந்தக் குரல் வரச் சொல்லிவிடும்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். அண்ணி டிபன் பாக்ஸைத் திறந்தார்.

4

(இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். இந்தத் துறையில் இருக்கும் வாசகர்கள் பேக்கப் எந்த வகை என்று கேட்பார்கள். மற்றவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் போகாதீர்கள், சின்னதுதான்.

அண்ணி சொன்னது இது. பேக்கப் இரண்டு விதம். ஒன்று, வீட்டை இருக்கிற கோலத்திலேயே அச்சாகப் படியெடுத்துக்கொள்வது. மேசைமேல் குப்பை இருந்தால் குப்பையும் சேர்ந்தே வரும். இன்னொன்று, சாமான்களை மட்டும் கட்டிக்கொண்டு போய்ப் புது வீட்டில் முதலிலிருந்து அடுக்குவது. குப்பை வராது. எல்லாம் நெருக்கமாக, ஒழுங்காக உட்காரும்.

அண்ணி எடுத்தது இரண்டாவது விதம். இதைத்தான் எடுப்பேன் என்று சில வருடங்களுக்கு முன் அடம்பிடித்து மாற்றியவரும் அவர்தான். பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்குப் போக அதுதான் வசதி.

[அடம்பிடிக்கவில்லை. விளக்கிச் சொன்னேன்.])

5

பெருநகர மருத்துவமனை ஒன்றிலிருந்து போன் வந்தது.

நோயாளி ஒரு பெண். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். மறுநாள் வரை தாங்காது. சிக்கல் என்னவென்றால் அவருடைய ரத்தம் அபூர்வமான வகை. எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று நாம் நினைக்கிற ஓ வகை ரத்தம்கூட அந்த உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. அதே வகைக்காரர் ஒருவர் கொடுத்தால்தான் உண்டு. மையத்தில் அந்த வகை இருப்பில் இல்லை. இரண்டு பேராவது நேரில் வந்து கொடுக்க வேண்டும்.

(அந்த நோயாளியை என் முதல் வரைவில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் என்று எழுதியிருந்தேன். மெல்லிய விரல்கள். கட்டிலின் கம்பியைத் தட்டி அது என்ன சுரம் என்று கேட்டுக்கொள்வார். எனக்கே பிடித்துப்போய் ஒரு பக்கம் எழுதிவிட்டேன். அண்ணி படித்துவிட்டு, "யாரு இவங்க?" என்றார். நோயாளி என்றேன். "எங்களுக்கு அவங்களப் பத்தி ஒண்ணுமே தெரியாதே. ஒரு நம்பர், ஒரு வகை, பொம்பள, நாப்பது வயசுக்கு மேல. அவ்வளவுதான் சொல்லுவாங்க. அவ்வளவுதான் தெரியணும்." அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அவர் அவராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.)

குயில் திரையில் அந்த வகையைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு மணி நேரத்துக்குள் வந்துசேரக்கூடிய தூரம், ரத்தம் கொடுத்து நான்கு மாதம் தாண்டியவர், உடல்நிலை சரியாக இருப்பவர் என்று மற்றதையும் குறித்தாள். தேடு என்று அமுக்கினாள். வழக்கமாக விரலை எடுப்பதற்குள் பெயர்கள் வந்து நிற்கும்.

சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

திரும்பவும் அமுக்கினாள். பக்கத்து மேசைக்காரர் தன் திரையில் முயன்று பார்த்தார். அவருக்கு எதிர் மேசையில் இருந்தவரும் அமுக்கினார். வட்டங்கள் பெருகின.

"அக்கா," என்று குயில் சர்வர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "எல்லாம் இருக்குன்னு சொன்னீங்க. தேடினா ஒண்ணுமே வர மாட்டேங்குது."

அண்ணி டிபன் பாக்ஸை மூடினார்.

6

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். மேலாளரைப் பிடித்துக்கொண்டேன்.

"மேலாளர் மேசையை ஓங்கித் தட்டினார். 'உங்களை நம்பினதுக்கு இதுதானா மேடம்? ஒரு உயிருக்கு என்ன பதில்—'"

[அவர் மேசையைத் தட்டவில்லை. இப்படி எழுதினால் நான் அந்த மனுஷன் முகத்தில் எப்படி முழிப்பேன்?]

சரி, நடந்ததையே எழுதுகிறேன். மேலாளர் எனக்கு வில்லனாக உதவவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த அழைப்புகளை எல்லாம் அவரே எடுத்தார். அண்ணியின் அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு யாரையும் உள்ளே விடவில்லை. நடுவில் எழுந்து போய் ஒரு டீ வாங்கிவந்து கொடுத்தார், சர்க்கரை போட மறந்து. அவர் செய்த ஒரே தவறு, தவறான ஒரு யோசனையைப் பணிவாகச் சொன்னது.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இந்த பேக்கப்பே கெட்டுப் போயிருக்குமோ? முந்தின நாளுதை ஏத்திப் பாக்கலாமா?"

யோசனை கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இன்னொரு பேக்கப்பை ஏற்ற மறுபடி அரை நாள் ஆகும். அந்த நோயாளியிடம் அரை நாள் இல்லை. அதே சமயம், இப்போது ஏற்றியது உண்மையிலேயே கெட்டுப்போனதாக இருந்தால், அதை நோண்டிக்கொண்டு உட்காரும் ஒவ்வொரு நிமிடமும் வீண்.

"அப்ப உங்க மனசுல என்ன ஓடிச்சு?" என்று அண்ணியைக் கேட்டேன்.

"கையைப் பாத்தேன். நடுங்கலை. சரி, இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம்னு நினைச்சேன்."

(எழுதுகிறவளாக இது எனக்குப் போதவில்லை. அவர் மனதுக்குள் ஒரு புயலையாவது வீச வைத்திருப்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்: நம்மில் எத்தனை பேர் அந்த மாதிரி நேரத்தில் முதலில் தன் கையைப் பார்ப்போம்?)

அவர் மேலாளரிடம் சொன்னார்: "சார், எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. அதுக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா நீங்க சொன்னதையே செய்யலாம்."

"எவ்வளவு மேடம்?"

"இந்த டீ ஆறற வரைக்கும்."

7

முதல் வேலையாக வெளியே கூடத்துக்குப் போனார். எல்லோரும் வட்டத்தைப் பார்த்துப் பார்த்து அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் கையை எடுங்க! யாரும் எதையும் அமுக்காதீங்க!"

கொள்ளைக்காரன் வந்துவிட்டதுபோல அத்தனை பேரும் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்கள். ஒருவர் நிஜமாகவே எழுந்து நின்றார். அண்ணிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் புதிதாக ஒரு தேடல் கிளம்புகிறது, பழையது நிற்பதில்லை. எல்லாம் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. அண்ணி அறைக்குத் திரும்பி அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

பிறகு தேடலை ஓடவிடாமல் சர்வரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். நீ இதை எப்படித் தேடப்போகிறாய், சொல் என்று. அப்படிக் கேட்க ஒரு கட்டளை உண்டாம். கேட்டால் தன் திட்டத்தைச் சொல்லும்: முதலில் இங்கே பார்ப்பேன், இத்தனை பேர் கிடைப்பார்கள் என்று நினைக்கிறேன், பிறகு அங்கே போவேன் என்று.

திட்டம் திரையில் வந்தது. அண்ணி படித்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

வாசலில் உட்கார்ந்திருந்த மேலாளர் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை அண்ணி எனக்கு நடித்தே காட்டினார். மருத்துவமனைக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்துபோன மனிதர். உள்ளே நம்பியிருக்கும் பெண்மணி தனியாக உட்கார்ந்து சிரிக்கிறார்.

"மேடம்? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார். கெடலை! பேக்கப் கெடலை. இதுக்குத் தெரியல சார், அவ்வளவுதான்!"

"என்ன தெரியல?"

"இது அபூர்வமான வகைன்னு இதுக்குத் தெரியல."

8

(இந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு கவித்துவமான காரணம் கொடுக்க ஆசைப்பட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு பறவையைப் பார்க்கிறார், அந்தக் கணத்தில்— சர்வர் அறைக்கு ஜன்னல் கிடையாது. மறந்துபோன பாடல் ஒன்று நினைவுக்கு— "திட்டத்தைப் பாத்தேன், புரிஞ்சுது" என்றார் அண்ணி. "அதுல என்ன குறைச்சல்?" ஒரு குறைச்சலும் இல்லை.)

புரிந்தது இதுதான். தரவுத்தளம் வெறுமனே பெயர்களை வைத்துக்கொண்டிருப்பதில்லை. தன்னிடம் எது ஏராளம், எது சொற்பம் என்று தனியாக ஒரு கணிப்பும் வைத்திருக்கும். இந்த வகைக்காரர்கள் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று தெரிந்தால், நேரே அந்தச் சிலரிடம் போய் நின்று, மற்றதை அவர்களிடம் மட்டும் சரிபார்க்கும். பழைய சர்வர் பல வருடம் ஓடி ஓடி இதைத் தெரிந்துவைத்திருந்தது.

பேக்கப்பில் மனிதர்கள் வந்தார்கள். இந்தக் கணிப்பு வரவில்லை. புதிய சர்வருக்கு எல்லா வகையும் ஒன்றுதான். ஆயிரக்கணக்கானவர்கள் கிடைப்பார்கள் என்று குருட்டாம்போக்கில் நினைத்துக்கொண்டு, லட்சக்கணக்கானவர்களின் மொத்த வரலாற்றையும் முதல் ஆளிலிருந்து புரட்டத் தொடங்கியிருந்தது. உழைப்பில் குறை சொல்ல முடியாது. பாவம், மூச்சு முட்ட உழைத்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் அண்ணியின் ஒத்திகைகளில் ஏன் இது தெரியவில்லை? சனிக்கிழமை ஏற்றுவார், திங்கட்கிழமை திறப்பார் என்றேனே. இடையில் சர்வர் தானாகவே ஓய்வு நேரத்தில் எல்லாவற்றையும் நோட்டம் விட்டுக் கணிப்பைத் தயார் செய்துவிடும். ஏற்றிய சூட்டோடு அவர் ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை. புது வீட்டுக்குப் போனவர்களை இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனால், சர்க்கரை எங்கே இருக்கிறது என்று யோசிக்காமல் எடுத்துக் காப்பி போட்டுக் கொடுப்பார்கள். போன அன்றே போனால்தான் ஒவ்வொரு டப்பாவாகத் திறக்கும் கூத்து தெரியும்.

செய்ய வேண்டியது ஒரே ஒரு கட்டளை. உன்னிடம் இருப்பதை ஒருமுறை நோட்டம் விட்டுக்கொள் என்று. அண்ணி அதைத் தட்டினார். மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்து பின்னால் வந்து நின்றார். குயில் அவருக்குப் பின்னால். சற்று நேரம் மூன்று பேரும் ஒரு கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிந்தது என்று வந்தது.

"போ, இப்ப தேடு," என்றார் அண்ணி.

குயில் ஓடினாள். அண்ணி எழுந்திருக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. கூடத்திலிருந்து விசைப்பலகைச் சத்தம் கேட்டது. உடனே குயிலின் குரல், தொழிலுக்கான குரல் இல்லை, சொந்தக் குரல்:

"வந்துடுச்சு! அக்கா, வந்துடுச்சு!"

மேலாளர் கையெட்டும் தூரத்தில் இருந்த ஒரு அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்தார். காலிப் பெட்டி. அப்படியே அமுங்கித் தரையில் போய்ச் சேர்ந்தார். எழுந்திருக்க அவசரப்படவில்லை. தரையிலிருந்தே, "டீயைக் குடிங்க மேடம்," என்றார்.

[சர்க்கரை இல்லாமலே குடித்தேன். அதை எழுது.]

9

மூன்று பெயர்கள்.

முதலாமவரின் முகவரி உள்ளூர்தான்; ஆள் அப்போது வெளிநாடு போயிருந்தார். போன் எடுத்தவர், வர முடியவில்லையே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

இரண்டாமவர் ரொட்டிக்கடை நடத்தும் ஒரு பெண். குயில் முழுவதும் சொல்லி முடிக்கவில்லை, "எங்க வரணும்?" என்றார். முழங்கை வரை மாவோடு வந்து இறங்கி, கையைக் கழுவ எங்கே என்று கேட்டு, ரத்தம் கொடுத்து, கொடுத்த பழச்சாற்றைக் குடித்துவிட்டு, அடுப்பில் ரொட்டி இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். இவரை ஒரு பெரிய பாத்திரமாக வளர்க்கலாம். ஆனால் அவருக்கே அவ்வளவு நேரம் இல்லை.

மூன்றாமவர் டிரைவிங் மாஸ்டர். போன் வந்தபோது வண்டியில், கற்றுக்கொள்பவரின் பக்கத்து இருக்கையில் இருந்தார்.

"சார், ரத்த மையத்துலேர்ந்து பேசறேன். உங்க ரத்தம் ஒருத்தருக்கு அவசரமாத் தேவைப்படுது."

"பிரேக், பிரேக்," என்று அவர் பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு மாஸ்டரின் குரல் இறங்கி வந்தது. "ஊசியா?"

"ஊசிதான் சார்."

"எனக்கு ஊசின்னா... போன தடவையே மயக்கம் போட்டுட்டேன்மா. சம்சாரம் வற்புறுத்தினதால வந்தேன். அன்னைக்குத்தான் இது என்னவோ அபூர்வமான வகைன்னு சொன்னீங்க. வேற யாருமே இல்லையா?"

குயில் அந்தக் கேள்விக்குப் பலவிதமாகப் பதில் சொல்லிப் பழகியவள். அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இல்ல சார். நீங்க மட்டும்தான்."

இனி வருவதை அண்ணி பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர், ஐம்பது வயது தாண்டிய அம்மாள். அவர் காத்திருப்பு அறையில் குயிலிடம் சொல்லி, குயில் அண்ணியிடம் சொல்லி, அண்ணி என்னிடம் சொன்னது. எனவே ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம்.

போனை வைத்ததும் மாஸ்டர், "டாக்டர், ஓரமா நிறுத்துங்க. நான் ஓட்டறேன்," என்றார். டாக்டர் நிறுத்தினார். மாஸ்டர் இறங்கி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பப் போனார். கை வைப்பருக்குப் போனது.

அத்தனை வருடம் எத்தனையோ பேர் லாரிக்கு நேராக வண்டியை விட்டபோதும் பக்கத்தில் அலுங்காமல் உட்கார்ந்திருந்த மனிதர். இப்போது ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை.

"நீங்க அந்தப் பக்கமே உக்காருங்க மாஸ்டர்," என்றார் டாக்டர். "நானே ஓட்டறேன்."

"உங்களுக்கு இன்னும் மூணாவது கியரே—"

"ரெண்டாவதுலயே போறேன்."

பயந்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்துப் பேசிப் பேசியே வாயைத் திறக்க வைப்பதுதானே அவர் தொழில். வழி நெடுக மாஸ்டரின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே ஓட்டினாராம். பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. மாஸ்டர் பதில் சொல்வதற்கு நடுநடுவே, "கிளட்ச்... கிளட்ச்..." என்று முனகிக்கொண்டு வந்தார். அவர் பக்கத்தில் ஒரு பிரேக் இருந்தது. அதை இரண்டு முறைதான் மிதித்தார் என்பதைப் பல் டாக்டர் பெருமையோடு குறிப்பிட்டார்.

ரத்த மையத்தின் வாசலில் எல் போர்டு மாட்டிய சின்னக் கார் ஒன்று இரண்டு வண்டி நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு கோணலாக நின்றது. யாரும் திட்டவில்லை. மேலாளரே வந்து கதவைத் திறந்துவிட்டார்.

ஊசி போடும்போது மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வாயைத் திறங்க" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். மாஸ்டர் திறந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கூடச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் பாதிப் பை நிறைந்திருந்தது. மயக்கம் போடவில்லை.

10

சோதனைகள் முடிந்து, பொழுது சாய்வதற்கு முன் இரண்டு பைகளும் மருத்துவமனைக்குக் கிளம்பின. அந்த இரவைத் தாண்டிவிடுகிறேன். அன்று அண்ணி நன்றாகத் தூங்கினார் என்பதைத் தவிர அதில் எழுத ஒன்றுமில்லை.

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: சில மாதம் கழித்து அந்தப் பெண்மணி, தனக்கு ரத்தம் கொடுத்தவர் யார் என்றே தெரியாமல், அதே மாஸ்டரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய்ச் சேர்கிறார். ஒரு சந்திப்பில் சிவப்பு விளக்கில் இருவரும்— வேண்டாம். உங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

இரண்டாம் முடிவு: மையத்தில் விழா, அண்ணிக்குக் கேடயம். அப்படி எதுவும் நடக்கவில்லை. பேக்கப்பை ஏற்றி முடித்த கையோடு அந்த நோட்டம் விடும் கட்டளையும் தானாக ஓடும்படி அண்ணி மாற்றி எழுதினார். பழைய குப்பையெல்லாம் கழிந்திருந்ததால், தேடல்கள் முன்பைவிட வேகமாக வரத் தொடங்கின. ஒரு வாரத்தில் எல்லோரும் அந்த வேகத்துக்குப் பழகிவிட்டார்கள். வட்டம் அரை நொடி சுற்றினாலே இப்போது முனகுகிறார்களாம்.

மூன்றாவது முடிவு என்னிடம் அரைகுறையாகத்தான் இருக்கிறது. மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து மேலாளருக்குப் போன் வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கண் விழித்துவிட்டார், தண்ணீர் கேட்கிறார். மேலாளர் அண்ணியிடம் வந்து, "தண்ணி கேக்கறாங்களாம் மேடம்," என்று மட்டும் சொன்னார். அண்ணி தலையாட்டினார். கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி, வண்டிகள் நிறுத்துமிடத்துக்குப் போய், என்னைக் கூப்பிட்டார்.

இதுவரை எல்லாமே கேட்டு எழுதியது. இது மட்டும் எனக்கே நடந்தது; அன்று அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணி எனக்குப் போன் செய்கிற ஆள் இல்லை. எதுவானாலும் அண்ணன் வழியாகத்தான் வரும். திரையில் அவர் பெயரைப் பார்த்ததும் முதல் மணியிலேயே எடுத்தேன்.

"என்ன அண்ணி? அண்ணனுக்கு ஏதாவது..."

"ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்லா இருக்கோம். சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மாவா?"

"ஆமா. ஏதாவது பேசேன்."

துணி மடித்த அன்றுதான் கேட்டேன், அண்ணனை விட்டுவிட்டு ஏன் என்னைக் கூப்பிட்டீர்கள் என்று. "உங்க அண்ணன்கிட்ட சொன்னா உடனே எப்படி, ஏன்னு கேள்வி கேப்பார். எனக்குச் சொல்லத் தெம்பு இல்ல. யாராவது எதையாவது பேசிக்கிட்டே இருக்கணும், நான் கேட்டுக்கிட்டே இருக்கணும்னு இருந்துது. அதுக்கு உன்னை விட்டா எனக்கு யாரு?"

பேசினேன். நிறையப் பேசினேன் என்று நினைவிருக்கிறது. மறுமுனையில் அவர் "ம்" என்றதும், ஒரு இடத்தில் மூக்கை உறிஞ்சியதும், ஜலதோஷமா என்று நான் கேட்டதும், ஆமாம் என்று அவர் சொன்னதும் நினைவிருக்கிறது. என்ன பேசினேன் என்பது மட்டும் துளிகூட நினைவில்லை. கதையின் கடைசிப் பக்கம் அந்தப் பேச்சுதான். அதை இட்டுக்கட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே அந்த இடத்தை உங்களிடம் விடுகிறேன். ஒருவர் கூப்பிடுகிறார். ஒரு பெரிய பாரத்தை இறக்கிவைத்துவிட்டு, அதை இன்னும் சொல்ல முடியாமல், வெயிலில் இரண்டு கார்களுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கிறார். உங்களுக்கு அது எதுவும் தெரியாது. "ஏதாவது பேசேன்" என்கிறார்.

பேசுங்கள்.